பழைய டிரக்கின் பின் டிஃப்ரன்ஷியல்: கிரவுன் தப்பியது, பேரிங் தப்பவில்லை

இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதிதான் டிஃப்ரன்ஷியல். அதன் பின் கவரைக் கழற்றியதும் ஆயில் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை, வெளுத்த பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பும் அதற்கடியில் துரு வண்டலும்தான். ஆக்ஸில் குழாயின் மேலிருக்கும் பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) மண்ணேறி அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் வழியாக மூச்சு விட முடியாவிட்டால் சீல் இடுக்கு வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் வண்டி வருஷக்கணக்கில் நின்றால், மட்டத்துக்கு மேலே இருக்கும் பற்களிலிருந்து ஆயில் வழிந்து இறங்கிவிட, அந்தப் பக்கம் மட்டும் துருப்பிடிக்கும். கிரவுன் வீலில் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தது அதனால்தான்.

எதையும் அசைப்பதற்கு முன் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், பேக்லாஷ், அதாவது கிரவுனுக்கும் அதைச் சுற்றும் சிறு கியரான பினியனுக்கும் பற்களிடையே உள்ள தளர்வு, 0.40 மி.மீ. காட்டியது; பொதுவாக 0.15 முதல் 0.25 வரை இருக்க வேண்டும். கிரவுனை இரு பக்கமும் தாங்கும் சைடு பேரிங்குகளின் கேப் (மூடி) இரண்டையும் பஞ்ச் அடித்து அடையாளம் வைத்தே கழற்றினேன். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, இடம் மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது.

மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷும் போதும், எமரி பக்கமே போகவில்லை. துரு போனபின் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தேன். இழுக்கும்போது பாரம் தாங்கும் முகம் வழவழப்பாகவே இருந்தது, குழிகள் எல்லாம் மறுபக்கத்தில், பல்லின் ஓரத்தை ஒட்டித்தான். செதில் உரியவில்லை, விரிசலும் இல்லை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அதனால் இந்த ஜோடியையே காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன், அதில் எனக்கு நல்ல திருப்தி.

பேரிங்கில் பேச்சுக்கே இடமில்லை. ரோலர், அது ஓடும் வளையமான ரேஸ் இரண்டிலும் குழி, நான்கும் புதிது. பினியன் பழையதே என்பதால் பழைய ஷிம்மிலிருந்தே (பினியன் எவ்வளவு உள்ளே நிற்கும் என்று தீர்மானிக்கும் மெல்லிய தகடு) தொடங்கினேன். பற்கள் எங்கே தொடுகின்றன என்று காட்டும் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றியபோது தடம் பல்லின் நுனிப்பக்கம் விழுந்தது, அதாவது பினியன் இன்னும் உள்ளே போக வேண்டும். 0.05 மி.மீ. கூடுதல் ஷிம் போட்டதும் தடம் நடுவுக்கு வந்தது. அதுவரை கிரஷ் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கி, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை நிலைநிறுத்தும் குழாய்) போடவில்லை. அது ஒரு தடவைதான் நசுங்கும், கடைசியில் போட்டு நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் பினியன் சுற்ற எவ்வளவு விசை கேட்கிறது என்று அளந்தபடியே போக வேண்டும். கை வலிக்கும், ஆனாலும் அவசரம் காட்டக் கூடாத இடம் இதுதான், தேவைக்கு மேல் இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை, புது ஸ்லீவ்தான். பேக்லாஷ் இப்போது 0.22.

கியர் மாற்றும்போது வந்த 'டொக்' சத்தம் ஸ்டார் பினியன் (டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்கள்) வாஷர்கள் தேய்ந்ததால் வந்தது. அவற்றையும் குறுக்குப் பின்னையும் மாற்றியாயிற்று. பினியன் முனையில் டிரைவ் ஷாஃப்ட் பொருந்தும் பிளாஞ்சில் சீல் உரசி விழுந்த பள்ளத்துக்கு மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்றினேன், இல்லாவிட்டால் புது சீலும் ஒழுகும்.

ஜிஎல்-5 தர, 80டபிள்யூ-90 கனமுள்ள கியர் ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டுவது, ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது என்று போய்க்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஊளைச் சத்தம் இல்லை, காலை எடுத்தால் மட்டும் மெல்லிய ரீங்காரம், குழி விழுந்த பக்கம் அதுதானே. அடுத்து இந்த ஆயிலை வடித்துக் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு இடது வீல் பேரிங்.