வீட்டிலேயே சர்க்கரை பார்க்கப் பழகியது

ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு இருந்தும், மாதம் ஒருமுறை லேபுக்குப் போய் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து வருவதே போதுமான கவனிப்பு என்று எண்ணியிருந்தேன். அதற்கு முந்தைய இரவு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு சீக்கிரமே படுத்துவிடுவேன் என்பதை மருத்துவரிடம் சொன்னதில்லை. முடிவு 118, 122 என்று கட்டுக்குள் இருப்பதுபோலவே வரும். சென்ற ஆண்டு, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 என்று அதிகமாக வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பகலில் எந்த வேளையில் ஏறுகிறது என்பதை வீட்டிலேயே பார்த்து எழுதி வரும்படி சொல்லி, விரலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் வாங்கச் சொன்னார் மருத்துவர்.

முதல் வாரம் விரல் நுனியின் நடுவிலேயே குத்திக்கொண்டு அவதிப்பட்டேன். ஓரத்தில் குத்தினால் வலி குறைவு என்பதை மருந்துக்கடைப் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். இரத்தம் வராதபோது விரலைப் பிழிவதும் தவறாம், திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். வெந்நீரில் கழுவிக் கையைத் தொங்கவிட்டால் தானாகவே துளி திரளும்.

கழுவுவதன் அருமை ஒரு மே மாத மாலையில் புரிந்தது. பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு, துணியில் விரலைத் துடைத்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். 274 என்று காட்டியது. நான் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. நெஞ்சு படபடக்க, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறொரு விரலில் பார்த்தபோது 138. முதலில் அளந்தது என் இரத்தத்தை மட்டுமல்ல, மாம்பழத்தையும் சேர்த்துத்தான்.

இரத்தத் துளியைத் தொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் ஐம்பது உள்ள டப்பா ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகிறபடியால், தினமும் நான்கைந்து முறை பார்ப்பது கட்டுப்படியாகவில்லை. ஆகவே திங்கள்கிழமை காலை உணவுக்கு முன்னும் பின்னும், புதன்கிழமை மதியம், வெள்ளிக்கிழமை இரவு என்று சோடி சோடியாகப் பார்த்தேன். பின் என்பது முதல் கவளம் உண்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். கைகழுவிய நேரத்திலிருந்து கணக்கிட்டு நான் சில வாரங்களை வீணாக்கினேன்.

மதியச் சோற்றின் மீதே எனக்குச் சந்தேகம் இருந்தது. அது 180ஐத் தாண்டவே இல்லை. நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்ட காலைவேளையோ 124இலிருந்து 243க்குப் போயிற்று. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துவதால், பலருக்குக் காலை உணவே அதிகம் ஏற்றிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், பிறகு தெருவில் இருபது நிமிட நடை என்று மாற்றியதில் 171க்கு வந்தது.

ஒரே ஒருநாள் சர்க்கரை மிகவும் இறங்கியும் பார்த்தேன். காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், பந்தி தாமதமாகி, கை நடுங்கி வியர்த்தது. பையிலிருந்த கருவி 62 என்றது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்க, 94. மற்றவர்கள் மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினேன்.

நான்கு மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7.1. மருத்துவர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குறிப்பேட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 251 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "வளைகாப்பு, இரண்டு ஜாங்கிரி" என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, மூன்றாவது ஜாங்கிரியை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.