கோம்புர்சா: ஒரு சொல்லுக்குள் மூன்று பேர்

எங்கள் சித்தப்பா ஒருவர் மறைமாவட்டக் குரு, அதாவது துறவற சபை எதிலும் சேராமல் ஆயரின் கீழ் பணிசெய்பவர். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு மூட்டைப் புத்தகம் என்று அடுத்த பங்குக்கு, அதாவது அடுத்த ஊர் ஆலயப் பொறுப்புக்குக் கிளம்பிவிடுவார். "பங்கு இல்லாத சாமியார் கடல் இல்லாத மீன்காரன் மாதிரிடா" என்று ஒருமுறை சொன்னார். சிறுவயதில் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தப் பேச்சின் கனம் புரிந்தது 'கோம்புர்சா' என்ற பிலிப்பினோ படத்தைப் பார்த்த பிறகுதான்.

2023 கிறிஸ்துமஸ் அன்று மணிலாவில் வெளியான படம். இயக்கியவர் பெப்பே டியோக்னோ. மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்ற மூன்று குருக்களின் பெயர்த் துண்டுகளை ஒட்டினால் கோம்புர்சா. பிலிப்பைன்ஸில் பள்ளிப்பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். 1872 பிப்ரவரி 17 அன்று மூவரையும் ஸ்பானிய அரசு பொதுமக்கள் முன்னால் கொன்றது. படத்தை வீட்டில் துணைவரிகளோடு பார்த்தேன், ஒரே வாரத்தில் இரண்டு தடவை. அப்புறம் வேலை விஷயமாக மணிலா போக வேண்டியிருந்தபோது, கூடவே இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை இந்த்ராமூரோஸ், பழைய மதில் நகரம். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது பேராலயம். இப்போது நிற்பது 1958இல் கட்டி முடித்த கட்டடம். முந்தையது 1945 போரில் நொறுங்கிப்போனது. அதற்கும் முந்தையதை 1863 ஜூன் 3 அன்று ஒரு நிலநடுக்கம் சாய்த்தது. அந்த இடிபாட்டில் இறந்தவர்களில் ஒருவர் பெத்ரோ பெலாயெஸ் என்ற குரு. படத்தில் இவராக வருபவர் பியோலோ பாஸ்குவால். கதை உண்மையில் இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

விஷயம் இதுதான். அந்தத் தீவுகளில் பங்குகள் பெரும்பாலும் அகுஸ்தீன், பிரான்சிஸ்கன், டொமினிக்கன், ரெகொலெக்ட் சபைத் துறவிகள் கையில் இருந்தன. அவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். திருச்சபையின் சட்டப்படி, மறைபரப்புப் பணி முடிந்து ஊர் நிலைபெற்றதும் பங்கை மறைமாவட்டக் குருக்களிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கே அது தலைகீழாக நடந்தது. 1859இல் இயேசு சபையினர் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குத் தெற்கே உள்ள மிந்தனாவோ தீவு போனது. அதை இழந்த ரெகொலெக்ட் சபைக்கு ஈடாக, உள்ளூர்க் குருக்கள் வைத்திருந்த மணிலாப் பங்குகளும் அதை அடுத்த கவிட்டே மாகாணப் பங்குகளும் போயின. ஆண்டுக்கணக்கில் ஒரு ஊரில் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் செய்துவைத்த மனிதனை, நீ உள்ளூர்க்காரன், தகுதி போதாது என்று எழுப்பிவிடுவது! பெலாயெஸ் இதை எதிர்த்து எழுதினார். அவர் இறந்ததும் பேனாவை எடுத்தவர் அவருடைய மாணவர் புர்கோஸ்.

கேட்டது அவ்வளவுதான். ஆயுதம் இல்லை, தனிநாடு இல்லை. எங்களுக்கும் குருப்பட்டம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பங்கைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 'பிலிப்பினோ' என்ற சொல் அன்று இந்தத் தீவுகளில் பிறந்த ஸ்பானியர்களுக்கு மட்டும் உரியது. மண்ணின் மக்கள் 'இந்தியோ'. ஸ்பானியத் தந்தைக்கும் கலப்பினத் தாய்க்கும் பிறந்த புர்கோஸ் அந்த வேலியைக் கண்டுகொள்ளாமல் எல்லா உள்ளூர்க் குருக்களுக்காகவும் பேசினார். செட்ரிக் ஹுவான் இந்தப் பாத்திரத்துக்காக மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். சத்தம் போடாமல் பேசும்போதும் அவருக்குத் தொண்டை நரம்பு புடைக்கும்.

மதிலோரம் நடக்கையில் நம் ஊர் ஞாபகமும் வந்தது. 1762இல் இந்த மதிலை உடைத்து நுழைந்த ஆங்கிலேயப் படை மெட்ராஸிலிருந்து கப்பலேறிய படை. கூட வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்தாவில் குடும்பம் குட்டியோடு தங்கிவிட்டார்கள். அந்த ஊருக்குத் தனியாக ஒரு பயணம் போக வேண்டும்.

மதியம் பக்லாரனில் ஜீப்னி என்ற சிறு பேருந்தில் ஏறி, கோமெஸின் ஊரான பக்கூர் போனேன். ஜீப்னியில் நடத்துநர் கிடையாது. "பயாத் போ" என்று காசை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். என் காசு ஆறு கை மாறியது. ஒரு பைசா குறையவில்லை.

பக்கூர் மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில்தான் கோமெஸ் 1824 முதல் பங்குத்தந்தை. கைது செய்து கொண்டுபோகும்வரை அதே பங்கு, ஏறத்தாழ 48 ஆண்டுகள். இறக்கும்போது வயது 72. சித்தப்பாவின் ஐந்தாறு வருஷக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இவர் திருமுழுக்குக் கொடுத்த குழந்தையின் பேரக் குழந்தைக்கும் இவரே தண்ணீர் ஊற்றியிருப்பார். பீடத்தின் அருகே ஒரு பெண்மணி பூச்சாடிகளில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன். கோமெஸுக்காக வந்தேன் என்றதும், "ஆ, பாத்ரே மரியானோ" என்றார், போன வாரம்தான் மாற்றலாகிப் போன சாமியாரைச் சொல்வதுபோல.

அங்கிருந்து மேற்கே, கடலுக்குள் நீண்டிருக்கும் கவிட்டே நகரில்தான் சான் ஃபெலிப்பே கோட்டை. இப்போது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நான் போகவில்லை. 1872 ஜனவரி 20 இரவு அங்கே சுமார் 200 படைவீரர்களும் ஆயுதக்கிடங்குத் தொழிலாளிகளும் கிளர்ந்தார்கள். தலைமை சார்ஜண்ட் லா மத்ரித். ஆயுதக்கிடங்கு ஆட்களுக்கு வரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் விலக்கு இருந்தது. புதிதாக வந்த ஆளுநர் இஸ்கியெர்தோ அதை நீக்கினார். சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது. மணிலாவின் சம்பலோக் பகுதித் திருவிழா வாணவேடிக்கையைப் பார்த்து, மணிலாப் படையும் எழுந்துவிட்டது என்று தப்பாக நினைத்துத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். இரண்டே நாளில் அடக்கிவிட்டார்கள்.

இதற்கும் மூன்று குருக்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் பங்கு கேட்ட குருக்களை ஒரேயடியாக அடக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பிரான்சிஸ்கோ சல்துவா என்ற ஒருவனின் சாட்சி போதுமானதாக இருந்தது. சமோரா விஷயம் இன்னும் கொடுமை. அவருக்குச் சீட்டாட்டத்தில் பிரியம். நண்பர்கள் வெடிமருந்தோடு வருகிறார்கள் என்ற மாதிரி ஒரு அழைப்புச் சீட்டு அவர் வீட்டில் சிக்கியதாம். ஆட்டக்காரர்கள் பாஷையில் வெடிமருந்து என்றால் கையில் இருக்கும் பணம். தீர்ப்பு வந்த பிறகு அவர் மனம் பேதலித்துப்போனது. படத்தில் என்சோங் டீ அந்தக் கடைசிப் பகுதியில் எங்கும் பார்க்காத ஒரு பார்வை பார்ப்பார். அதற்குமேல் என்னால் அன்று பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தேன்.

இரண்டாம் நாள் லுனேட்டா பூங்கா, மூவரையும் கொன்ற இடம். அன்றைய பெயர் பகும்பாயான். விடுமுறைக் கூட்டம், பலூன், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். தோளில் காவடிபோல இரண்டு அலுமினியப் பாத்திரம் சுமந்து "தஹோ... தஹோஓ" என்று ஒருவர் கூவிப் போனார். சூடான சோயாப் பால்கட்டியின் மேல் வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கொலைக்களத்தைக் குறிக்கும் நினைவுச்சின்னத்தின் முன் வந்து நின்றேன். குடிக்கத் தோன்றவில்லை.

கரோத்தே என்ற கருவி: ஒரு கம்பம், அதில் முதுகைச் சாய்த்து உட்கார ஒரு பலகை, கழுத்துக்கு இரும்பு வளையம், பின்னால் ஒரு திருகு. திருகத் திருக வளையம் நெரிக்கும். முதலில் சல்துவா; மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பியிருந்தவன் அவன். பிறகு கோமெஸ், பிறகு சமோரா. 35 வயது புர்கோஸ் மூன்று பேர் சாவதையும் பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறினார். திருகைப் பிடித்தவன் அவர்முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டதாகவும், கூட்டம் முழுக்க முழந்தாளிட்டு மரிப்போர் செபத்தைச் சொன்னதாகவும், மிரண்டுபோன ஸ்பானியர்கள் மதிலுக்குள் ஓடியதாகவும் அக்காலக் குறிப்பு ஒன்று உண்டு.

பேராயர் மெலித்தோன் மார்த்தினெஸ் ஸ்பானியர்தான். ஆனால் மூவரின் குருப்பட்டத்தைப் பறிக்கச் சொல்லி அரசு கேட்டபோது மறுத்துவிட்டார். குருக்களாகவே செத்தார்கள், அவர்களுக்காக ஆலய மணிகளும் துக்கத்தில் ஒலித்தன. எனக்கு இந்த முழுக் கதையில் அழுகை வருவது இந்த இடத்தில்தான்.

அன்று புர்கோஸின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் இருந்தான், பெயர் பசியானோ. அவனுடைய பத்து வயதுத் தம்பி ஹோசே ரிசால், பின்னாளில் பிலிப்பைன்ஸின் தேசிய வீரர். அந்தத் தம்பி வளர்ந்து 1891இல் தன் இரண்டாவது நாவலை இந்த மூன்று குருக்களுக்குக் காணிக்கையாக்கினான். 1896 டிசம்பர் 30 அன்று அதே பகும்பாயானில் அவனையும் சுட்டுக் கொன்றார்கள். 'பிலிப்பினோ' என்ற சொல் மண்ணின் மக்கள் எல்லோருக்கும் பெயராக மாறியது அந்த இடைப்பட்ட 24 ஆண்டுகளில்தான்.

மாலையில் பாக்கோ பூங்கா. ஒரு காலத்தில் இடுகாடு. வட்டமான கனத்த கல்மதில், அதற்குள்ளேயே அடுக்கடுக்காகக் கல்லறை மாடங்கள், நடுவில் பெரிய மரங்கள், சின்னதாக ஒரு சிற்றாலயம். மூன்று குருக்களையும் பெயர் எழுதாமல் இங்கேதான் புதைத்தார்கள். ரிசாலையும் முதலில் இங்கேதான் ரகசியமாகப் புதைத்தார்கள். அவர் அக்கா நார்சிசா தேடிக் கண்டுபிடித்து, பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக வரிசை மாற்றிக் கல்லில் போட வைத்தார். ஆர், பி, ஜே. இன்னும் இருக்கிறது.

நான் போனபோது சிற்றாலயத்தில் ஒரு திருமணம் முடிந்து புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதிலைத் தொட்டுப் பார்த்தேன். பாசி ஈரம் விரலில் ஒட்டியது. மூவரின் நினைவுக்கல் முன்னால் ஒரு பாட்டியும் ஏழெட்டு வயதுப் பேத்தியும். பேத்தி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "லோலா, கோம்புர்சா!" என்று அந்தச் சொல்லைக் காட்டி ஏதோ கேட்டாள். ஒரே ஆள் என்று நினைத்திருப்பாள் போல. பாட்டி தலையை ஆட்டி மறுத்து மூன்று விரலைத் தூக்கினார். "தாத்லோ." மூன்று. பிறகு பேத்தியின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கி, மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்: கோமெஸ். புர்கோஸ். சமோரா.