மதில் காப்பாற்றிய பிரமிடு

ரோம் நகரில் பிரமிடே மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், டிராம் கம்பிகளுக்கும் வாகன நெரிசலுக்கும் அப்பால் வெள்ளைப் பளிங்குப் பிரமிடு ஒன்று கண்ணில் படுகிறது. கயுஸ் செஸ்தியுஸ் என்பவரின் கல்லறை அது. கி.மு. 30இல் எகிப்து ரோமின் வசமானதை அடுத்து அந்நாட்டுப் பாணியின் மீது எழுந்த மோகத்தில், கி.மு. 18க்கும் 12க்கும் இடையில் கட்டப்பட்டது.

கீழ்ப்புறத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உயில்படி 330 நாட்களில் வேலை முடிந்தது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். சுமார் 30 மீட்டர் அகலமும் 36 மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட கட்டடம் ஓராண்டுக்குள் எழுந்ததென்றால், கான்கிரீட்டால் உள்ளுடலைக் கட்டி வெளியே பளிங்குப் பலகைகளைப் பதித்ததே காரணம். தன்னுடன் வைத்துப் புதைக்கச் செஸ்தியுஸ் விரும்பிய பொன்னிழைத் துணிகளைச் சட்டம் தடுத்ததால், வாரிசுகள் அவற்றை விற்று வெண்கலச் சிலைகள் நிறுவினார்கள். செத்தவருக்கு ஜரிகை எதற்கு என்று அன்றைய அதிகாரிகளும் நினைத்திருப்பார்கள் போலும்!

ரோமின் பழங்கல்லறைகள் பலவற்றின் பளிங்கு பிற்காலக் கட்டடங்களுக்குப் போய்விட்டது. வத்திக்கானுக்கு அருகில் இருந்த இன்னொரு பிரமிடை, 1499இல் சாலை போடுவதற்காக இடிக்கத் தொடங்கினார்கள். இது தப்பியது பக்தியாலோ மரியாதையாலோ அல்ல. கி.பி. 271க்குப் பிறகு அவசர அவசரமாக நகர மதிலை எழுப்பிய பேரரசர் ஆரேலியன், வழியில் குறுக்கிட்ட இந்தக் கல்லறையை மதிலின் ஒரு துண்டாகவே சேர்த்துக்கொண்டார். அதைப் பெயர்த்தால் அரணில் ஓட்டை விழும் என்ற நிலையில் யார்தான் கை வைப்பார்கள்? அது யாருடையது என்பதைக்கூட இடைக்கால மக்கள் மறந்து, ரோமை நிறுவியதாகக் கதைகள் சொல்லும் ரோமுலுஸின் உடன்பிறந்த ரெமுஸின் சமாதி என்று நம்பினார்கள். ஏழாம் அலெக்சாண்டர் போப்பாக இருந்த 1660களில்தான் அகழ்ந்து சீர்செய்தார்கள். அதைச் சொல்லும் 1663ஆம் ஆண்டுக் கல்வெட்டு பழைய எழுத்துகளுக்குக் கீழேயே இருக்கிறது.

வழிகாட்டியுடன் ஒடுங்கிய வழியில் உள்ளே சென்றோம். ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஒரே அறை. வெண்சுவரில் மெல்லிய கோடுகளால் பிரித்த கட்டங்களுக்குள் பெண்ணுருவங்களும் சாடிகளும் மங்கித் தெரிகின்றன. மேலே வளைகூரையின் நான்கு மூலைகளிலும் சிறகு விரித்த வெற்றித் தேவதைகள். கூரையின் நடுவில் இருந்த ஓவியம் மட்டும் இல்லை.

வெளிப்புற வெண்மைக்கு வயது பத்தாண்டுக்குச் சற்று மேல்தான். பளிங்குப் பலகைகளின் இடுக்குகளில் செடிகள் வேர்விட, மழைநீர் உள்ளே இறங்க, வாகனப் புகை மேலே கருமையாகப் படிந்துகிடந்தது. ஜப்பானிய ஆடை வணிகர் யூசோ யாகி சுமார் 20 லட்சம் யூரோ அளிக்க, செடிகளைக் களைந்து, பளிங்கைக் கழுவி, இடுக்குகளை அடைத்து, குறித்த நாளுக்கு முன்பே வேலையை முடித்தார்கள். 2015இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பிறகு, கவிஞர் கீட்ஸ் அடங்கியிருக்கும் பக்கத்து இடுகாட்டுக்குள் போய் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தேன். தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் பிரமிடின் அடிவாரத்தில் பூனைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. செஸ்தியுஸின் அஸ்தியை மட்டும் எங்கும் காணவில்லை. திருடர்கள் என்றோ சுரங்கம் தோண்டிப் புகுந்துவிட்டதால், 1660களில் திறந்தபோதே அறை வெறுமையாகத்தான் இருந்ததாம்.