ஒரு மரக்கால்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இரண்டு வருஷத்துக்கு முன், என் வீட்டுக்காரருக்குத் தஞ்சாவூரில் இருதய ஆபரேஷன் நடந்த ராத்திரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் முந்தானையை ஏந்தி அத்தை ஒரு பொருத்தனை பண்ணினார்கள். "எம்புள்ள எந்திரிச்சு நடந்தா, தரங்கம்பாடி எருசலேம் கோயிலுக்கு வந்து புது நெல்லு வைக்கிறேன் ஆண்டவரே." அவர் எழுந்தார், நடந்தார், இந்தச் சம்பாவுக்கு வரப்பில் நின்று வேலையும் வாங்கினார். அறுத்த நெல்லில் முதலில் இரண்டு படி அளந்து மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு, மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நானும் அத்தையும் கிளம்பினோம்.

முகூர்த்த நாள் என்பதைப் பார்க்காமல் கிளம்பியது தப்பாகிவிட்டது. மாயவரம் ஸ்டாண்டிலேயே திருக்கடையூர் போகிற அறுபதாம் கல்யாணக் கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டது. எழுபத்தாறு வயது மனுஷி, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் நெல். ஆக்கூர் தாண்டினதும் ஜன்னல் பக்கம் குனிந்து காட்டினார்கள். எல்லா வயலிலும் மிஷின் அறுத்த தாள்தான் நின்றது. மிஷின் இறங்காத ஒரு பள்ளத்தில் மட்டும் நாலைந்து பெண்கள் கையால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த கதிரைக் கை கையாகத் தரையில் கிடத்தியிருந்தார்கள். "அரி அரியாக் கிடக்கு பாரு தாயி." நான் மதுரை டவுனில் வளர்ந்தவள். வேதத்தில் எத்தனையோ தரம் வாசித்த அந்த 'அரி' இப்படித்தான் தரையில் படுத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தரங்கம்பாடியில் இறங்கினால் ஆட்டோக்காரர் நடந்தே போகிற தூரத்துக்கு நூற்றைம்பது கேட்டார். நடந்தோம். ராஜ வீதி நெடுக சங்கு மாலை, சிப்பி பொம்மை என்று கையைப் பிடிக்காத குறை. அவர்கள் பிழைப்பு, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோயில் வாசலில் ஒரு ஜோடி கல்யாண போட்டோ எடுக்க, "கொஞ்சம் ஒதுங்குங்க பாட்டி" என்று அத்தையை மூன்று தரம் ஓரங்கட்டினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கதவும் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு மணி நேரம் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அத்தை ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

உள்ளே பீடத்துக்கு முன்னால்தான் சீகன்பால்க் ஐயரை அடக்கம் பண்ணியிருக்கிறது. ஜெர்மனி தேசத்து மிஷனரி, 1706 ஜூலை 9-ம் தேதி இந்தக் கரையில் வந்து இறங்கியவர். தமிழ் படித்து, சிறையும் இருந்து, 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சாக்கிக் கொடுத்தார். இந்தக் கோயிலைப் பிரதிஷ்டை பண்ணியது 1718-ல். அடுத்த பிப்ரவரியிலேயே போய்விட்டார், வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் புஸ்தகம் வரைக்கும்தான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. மீதியை அவருக்குப் பின் வந்த சூல்ச் ஐயர் முடித்தார். பிறகு எத்தனையோ பேர் திருத்தித் திருத்தித்தான் இன்று நம் கையில் இருக்கிற வேதம் வந்திருக்கிறது. "ஐயர் நிறுத்தின இடத்துல வாசி" என்றார்கள் அத்தை. அவர்களுக்குக் கண்புரை. ரூத் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன்.

ஏழை விதவை ரூத் கதிர் பொறுக்க வந்த வயலின் சொந்தக்காரர் போவாஸ், தன் வேலைக்காரருக்குச் சொல்லுகிற இடம். "அரிகளிலே சிலதைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள்."

"நிறுத்து" என்றார்கள். "அந்தக் கடைசி வார்த்தைய இன்னொரு தரம் சொல்லு."

"அதட்டாதிருங்கள்."

அத்தை ஐயருடைய கல்லறைக் கல்லைப் பார்த்தபடியே பேசினார்கள். எட்டு வயதில் அம்மாவோடு கதிர் பொறுக்கப் போனார்களாம். களத்து மேட்டில் காரியக்காரர் மறித்து, மடியை உதறச் சொல்லி, பொறுக்கின கதிரையெல்லாம் போரில் தள்ளிவிட்டாராம். "எங்கம்மா ஒண்ணும் பேசல. வெறும் மடியோட வந்தோம்." இந்த வீட்டுக்கு வாழ வந்து பதினாறு வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை.

பிறகு வாசித்தேன். சாயங்காலம் வரைக்கும் ரூத் பொறுக்கித் தட்டினது ஏறக்குறைய ஒரு மரக்கால். அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஒரு மரக்காலா? ஒத்தப் பொம்பளையா? விடிஞ்சதுலேருந்து பொறுக்குனாலும் ஒன்றரைப் படி தேறாது தாயி, அதுலயும் பாதி பதரு. ஒரு மரக்கால்னா அந்த மனுசன் கை கையா உருவிப் போடச் சொல்லியிருக்காரு. அவ ஏதோ தன் கையில அம்புட்டுதுன்னு நெனச்சுப் பொறுக்கியிருக்கா."

எத்தனை வருஷமாக அந்த அளவை ஒரு கணக்காக வாசித்துத் தாண்டிப் போயிருக்கிறேன்! கல்யாண ஆராதனைகளில் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று கேட்டுக் கேட்டு ரூத் என்றாலே எனக்கு அந்த ஒரு வசனம்தான். அத்தை அதைச் சொன்ன நிமிஷம் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரத்தம் கொடுக்க, யாரென்றே தெரியாத காலேஜ் பையன்கள் ஆறு பேர் வந்து நின்றார்களே. கேன்டீன்காரர் பத்து நாளும் அத்தைக்குக் கஞ்சி கொடுத்துக் காசு வாங்கவில்லையே. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வயல்காரர் எங்கள் நாற்றைப் பறித்து நட்டுவிட்டாரே. நல்ல நேரம், கிடைத்தது என்று பொறுக்கிக்கொண்டு வந்தேனே ஆண்டவரே! நீர் அல்லவா உருவிப் போட்டீர், நான் குனிகிற இடமெல்லாம் பார்த்து! ஐ.சி.யூ. வாசலில் எல்லாரும் அதட்டின நாளில்கூட நீர் என்னை ஒரு வார்த்தை அதட்டவில்லையே. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை. அத்தைதான் என் முதுகைத் தடவிக்கொண்டே ஜெபம் பண்ணினார்கள். என்ன ஜெபித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் குரலும், திறந்த கதவு வழியாக வந்த கடல் காற்றும்தான் நினைவில் நிற்கிறது.

நெல்லைப் பீடத்தண்டை வைத்தோம். வைக்கும்போது அத்தையின் கை நடுங்கி ஒரு பிடி படிக்கட்டில் சிந்திவிட்டது. கூட்டி எடுக்கக் குனிந்தேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்புகாலில் திருக்கடையூரில் அதே கூட்டம், இப்போது கழுத்தில் மாலையோடு. எண்பதாம் கல்யாணம் முடித்து வந்த ஒரு தாத்தா தன் பேரனை எழுப்பிவிட்டு அத்தைக்கு இடம் கொடுத்தார். அந்தப் பாட்டி ஒரு லட்டை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். அத்தை பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை நெல் கொண்டுபோன காலிப் பையில் போட்டு முடிந்துகொண்டார்கள், வீட்டில் இருக்கிற மகனுக்கு.