ஏழாவது சாவிக்காகப் பாலம் தாண்டிய கதை

எஸ்எஸ்எச் (தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) சாவிக் கோப்புக்குப் பாஸ்ஃபிரேஸ், அதாவது அதைத் திறக்கும் ரகசியச் சொற்றொடர், கட்டாயம் என்று அலுவலகத்தில் சொன்ன நாளில் ஆரம்பித்தது என் தலைவலி. அதுவரை பாஸ்ஃபிரேஸே இல்லாமல் சொகுசாக ஓட்டியவன் நான் (தப்புதான், லேப்டாப்பைத் திருடினவனுக்குச் சர்வரும் இலவசம்). நீளமான பாஸ்ஃபிரேஸை நாளுக்கு முப்பது தடவை தட்டி அலுத்துப்போய் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டுக்கு மாறினேன். காலையில் ஒரு தடவை கொடுத்தால் போதும், திறந்த சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அப்புறம் கேட்காது. அந்தச் சந்தோஷத்தில் பழைய வேலை, கிட்ஹப், வீட்டு ராஸ்பெரி பை குட்டிக் கணினி என்று கையிலிருந்த 6 சாவிகளையும் உள்ளே போட்டேன். அதுதான் வினை.

புதுச் சர்வருக்கு ஏழாவதாக ஒரு சாவி செய்து, பப்ளிக் கீயை (சாவி ஜோடியில் சர்வரிடம் கொடுக்கும் பாதி) அனுப்பினேன். உள்ளே போகப் பார்த்தால் 'டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்', அதாவது தோற்ற முயற்சிகள் அளவு மீறிவிட்டன. நான் தட்டியதே ஒரே தடவை! கணக்கைப் பூட்டிவிட்டார்களோ என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன், அதே பதில். சர்வரைப் பார்த்துக்கொள்பவரோ, "கீ சரியில்ல தம்பி, புதுசா செஞ்சு அனுப்புங்க" என்றார். செய்தேன். மறுபடியும் அதையே சொன்னார், மறுபடியும் செய்தேன். மூன்றாவது தடவை, "லேப்டாப்போட நேர்ல வாங்க".

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு மழையில் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறினேன். மோட்டாருக்கு 2019லிருந்து டோல் இல்லை, அது ஒன்றுதான் லாபம். போய்ச் சேர்ந்தால் மனிதர் லீவு.

நல்லவேளை, பக்கத்து மேசை அக்கா இருந்தார். "கமாண்டோட ஒரு சின்ன வி சேர்த்து ஓட்டு தம்பி" என்றார். திரையில் வரிவரியாக ஓடியதில் 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்று வந்த இடங்களை மட்டும் விரல் வைத்து எண்ணினார். ஆறு. அதோடு இணைப்பு அறுந்தது. ஏஜென்ட் தன்னிடம் இருப்பதை எல்லாம் வரிசையாக நீட்டுகிறது, சர்வர் ஒவ்வொன்றையும் ஒரு தோல்வியாகக் கணக்கு வைக்கிறது, வழக்கமான வரம்பு 6. என் சரியான சாவி ஏழாவது. சர்வர்காரர் பேச்சைக் கேட்டுப் புதுசு புதுசாகச் செய்ததில் அது எட்டாகி ஒன்பதாகி இன்னும் பின்னால்தான் போயிருக்கிறது!

தீர்வு ஐந்தே வரி. எஸ்எஸ்எச் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அந்தச் சர்வருக்கு ஒரு செல்லப் பெயர், அதன் உண்மையான முகவரி, பயனர் பெயர், எந்தச் சாவிக் கோப்பு, அப்புறம் 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்' (சொன்ன சாவியை மட்டும் நீட்டு). இந்தக் கடைசி வரியை விட்டால் மற்ற சாவிகளும் கூடவே கிளம்பும். ஏஜென்ட் எப்போதும்போல வேலை செய்யும். இப்போது செல்லப் பெயரைத் தட்டினால் நேராக உள்ளே.

விண்டோஸ்காரர்கள் கவனிக்க: அதில் ஏஜென்ட் சர்வீஸ் முதலிலேயே முடக்கப்பட்டிருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும். பொதுச் சர்வர் வழியாக இன்னொன்றுக்குத் தாவுவதற்காக ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உங்கள் ஏஜென்ட்டை அந்தச் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடுவது) போடாதீர்கள், அங்கே ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் உள்ளவர் உங்கள் இணைப்பு இருக்கும்வரை உங்கள் சாவியைப் பயன்படுத்தலாம். அப்படித் தாவுவதற்கு, ஏஜென்ட்டை அங்கே விடாத ப்ராக்ஸிஜம்ப் இருக்கிறது. சாவியைச் சேர்க்கும்போதே 8 மணி நேரம் என்று காலக்கெடு கொடுத்துவிடுவதும் என் வழக்கமாகிவிட்டது.

வீணாகச் செய்த அந்த இரண்டு சாவிகளையும் சர்வரிலிருந்து நீக்கச் சொல்லி அந்தச் சர்வர்காரருக்கு எழுதினேன். "எந்தக் கீ தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.