ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல 6.5லயே நிக்கிறவங்களுக்கு

வெளிநாட்டுல படிக்க, வேலைக்கு போக எழுதுற இங்கிலீஷ் எக்ஸாம் தான் ஐஇஎல்டிஎஸ். நான் அத எழுதி முடிச்சதுலேர்ந்து ஜூனியர்ஸ் நிறைய பேர் அவங்க எஸ்ஸேவ அனுப்பி பாத்து சொல்லுங்கக்கான்னு கேக்குறாங்க. லிஸனிங், ரீடிங்ல 8 வாங்குற பிள்ளைங்க கூட ரைட்டிங்ல 6, 6.5லயே நிக்குறாங்க, உடனே பெரிய பெரிய வார்த்தையா மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடறாங்க. தயவுசெஞ்சு அத விடுங்க. ரைட்டிங் மார்க்ல கால்வாசி கிராமருக்கு, பங்க்சுவேஷனும் அதுலயே அடங்கும். பேண்ட் 7, அதாவது 9க்கு 7 ஸ்கோர் வேணும்னா தப்பே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வரணும், அதனால சின்ன வாக்கியமா இருந்தாலும் சுத்தமா இருக்கணும்.

நான் பாக்குறதுல முதல் பிரச்சனை கமா. மூச்சு விடுற இடத்துலல்லாம் கமா போட்டுட்டு போயிட்டே இருக்காங்க. "பீப்பிள் மூவ் டு சிட்டீஸ், தே வான்ட் பெட்டர் ஜாப்ஸ்" இப்படி ரெண்டு முழு வாக்கியத்த வெறும் கமாவால ஒட்டக்கூடாது, நடுவுல "பிகாஸ்" போடுங்க, இல்ல ஃபுல்ஸ்டாப் வைங்க. "ஹவ்எவர்"ல தான் இது ரொம்ப வரும், "பட்" மாதிரி நெனச்சு முன்னாடி கமா போட்டுடறாங்க. ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல அது வந்தா முன்னாடி ஃபுல்ஸ்டாப் இல்ல செமிகோலன், பின்னாடி கமா.

அடுத்து ஆர்ட்டிகிள், அதாவது "எ", "ஆன்", "த". தமிழ்ல அப்படி ஒண்ணு இல்லாததால நமக்கு காதுல உறுத்தவே உறுத்தாது. எல்லா ரூலையும் படிக்க வேணாம், ஒரு செக் போதும்: எண்ணக்கூடிய ஒருமைச் சொல் பொதுவா தனியா நிக்காது, முன்னாடி "எ", "த", "மை", "திஸ்" ஏதாவது ஒண்ணு வேணும். "கவர்மென்ட் ஷுட் பில்ட் ஹாஸ்பிடல்"னு எழுதினா ரெண்டு இடத்துல ஓட்டை.

"ஆல்தோ"ன்னு ஆரம்பிச்சா நடுவுல "பட்" வராது. "டிஸ்கஸ் அபௌட்" கிடையாது, வெறும் "டிஸ்கஸ்" தான். "இன்ஃபர்மேஷன்", "அட்வைஸ்", "எக்விப்மென்ட்" இதுக்கெல்லாம் கடைசில எஸ் போடாதீங்க. "சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" தப்பு, "ஃபார் ஃபைவ் இயர்ஸ்".

அகடமிக் (காலேஜ் படிப்புக்கான வகை) எழுதுறவங்க டாஸ்க் 1ல, அதாவது கிராஃப் மாதிரி படத்த பாத்து எழுதுற முதல் கேள்வில, "பை"யும் "டு"வும் ரொம்ப கவனம். 30லேர்ந்து 50 ஆச்சுன்னா "இன்க்ரீஸ்ட் பை 20", இல்லன்னா "இன்க்ரீஸ்ட் டு 50". இத மாத்திட்டீங்கன்னா கிராமரோட போகாது, கிராஃபயே தப்பா சொன்னதா ஆயிடும். அதே மாதிரி "த நம்பர் ஆஃப் கார்ஸ்" வந்தா வெர்ப் ஒருமை, "எ நம்பர் ஆஃப் கார்ஸ்" வந்தா பன்மை.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஆனா 60 நிமிஷத்துல 150 வார்த்தை ஒண்ணு, 250 வார்த்தை ஒண்ணு எழுதுற அவசரத்துல பழக்கம் தான் ஜெயிக்கும். அதனால ப்ராக்டிஸ் எஸ்ஸே திருத்தி வந்ததும் உங்க தப்ப வகை பிரிச்சு நோட்ல எழுதுங்க, எனக்கு தெரிஞ்சு ஒருத்தருக்கு திரும்பத் திரும்ப வர்றது நாலஞ்சு வகை தான். கடைசி அஞ்சு நிமிஷத்துல முழுசா படிக்காம அந்த வகைய மட்டும் தேடுங்க, மொதல்ல டாஸ்க் 2, அதாவது 250 வார்த்தை எஸ்ஸே, ஏன்னா அதுக்கு தான் டபுள் வெயிட்டேஜ். கம்ப்யூட்டர்ல எழுதினாலும் ஸ்பெல் செக் வராது. பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஏத்துக்குவாங்க, ஒரே எஸ்ஸேல ரெண்டையும் கலக்காதீங்க.