மறுபதிப்பு ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்த ஏஐ வரியை மாற்ற வைத்த அனுபவம்

சிறுகதைத் தொகுப்பின் மறுபதிப்புக்காகப் பதிப்பகம் அனுப்பிய புது ஒப்பந்தத்தைத் திருத்தி வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புத்தகம் போட்டவர்களுக்கும் போடப்போகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

ராயல்டி, மின்னூல், ஒலிப்புத்தகம் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. "இதர உரிமைகள்" என்ற தலைப்பின் கீழ்தான் விஷயம். படைப்பை "இப்போது உள்ள, இனி வரக்கூடிய எல்லாத் தொழில்நுட்ப வடிவங்களிலும் பயன்படுத்தவும், தரவாக மூன்றாம் தரப்புக்கு வழங்கவும்" பதிப்பகத்துக்கு உரிமை உண்டாம். ஏஐ என்று எங்கேயும் இல்லை, ஆனால் என் கதைகளை ஏஐ பயிற்சிக்கு, அதாவது ஏஐ மென்பொருளுக்கு ஊட்டி அதைப் பழக்குவதற்கு, யாருக்காவது விற்க இந்த வரி தாராளமாகப் போதும், அதற்கு என்னைக் கேட்கவும் வேண்டாம், எனக்குப் பங்கு தரவும் வேண்டாம்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சொன்னதுதான் தெம்பு தந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 2012இல் ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள்: உரிமையை எழுதிக்கொடுத்த காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத பயன்பாட்டுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய. ஆகவே 2014இல் போட்ட என் பழைய ஒப்பந்தத்தைக் காட்டி ஏஐ உரிமையும் எங்களுக்குத்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏஐ பயிற்சி இப்போது நடைமுறையில் இருக்கிற வணிகம், புது ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்றார். இன்னொன்று, 19ஆம் பிரிவுப்படி காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். புது ஒப்பந்தத்தில் "உலகம் முழுதும், பதிப்புரிமைக் காலம் முழுதும்" என்று இருந்தது, அதாவது நான் போன பிறகும் 60 ஆண்டு!

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். நான் விடவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024இல் தொடுத்த வழக்கில் தங்களையும் சேர்க்கச் சொல்லி இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பே மனுப் போட்டது, அனுமதி இல்லாமல் ஏஐ பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்று அங்கே பதிப்பாளர்கள் கேட்கிற அதே நியாயத்தைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, என்ன வேணும்னு எழுதி அனுப்புங்க சார்" என்றார்.

எழுதி அனுப்பியது இதுதான்: "செயற்கை நுண்ணறிவு மாடல்களின் பயிற்சிக்கோ சோதனைக்கோ படைப்பை வழங்கும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும். ஆசிரியரின் எழுத்துபூர்வ சம்மதமின்றிப் பதிப்பகம் வழங்கக் கூடாது." காலத்தை ஐந்து ஆண்டாக்கினேன். இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இழுபறி வேறொரு இடத்தில்தான். 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை கருத்துக் கேட்பதற்காக ஒரு பணி அறிக்கை வெளியிட்டது. ஏஐ நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம் (படைப்பாளியைக் கேட்காமலே பயன்படுத்தும் அனுமதி), அதற்கான ராயல்டியை ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் யோசனை. அப்படி நடந்தால் படைப்பைத் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமை எழுத்தாளருக்கு இருக்காது, இது எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனால் சட்டமாகிவிட்டால் பணம் யாருக்கு? பாதிப் பாதி என்றார்கள். எழுதியவன் நான், எனக்கு முக்கால் பங்கு வேண்டும் என்று நின்றேன். பல மின்னஞ்சல்கள் போய் வந்த பிறகுதான் சம்மதித்தார்கள்.

அப்புறம், கையெழுத்தோடு கையெழுத்தாகப் பதிப்புரிமைப் பதிவுக்கான தடையின்மைச் சான்றையும், அதாவது என் பெயரில் பதிவு செய்வதில் பதிப்பகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தையும், வாங்கிவிட்டேன். பதிவு கட்டாயமில்லை, எழுதியதுமே உரிமை வந்துவிடும், ஆனால் வழக்கென்று வந்தால் பதிவேடு முதல்நிலைச் சான்றாக (மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக) நிற்கும். வெளியான புத்தகத்துக்குப் பதிப்பகத்தின் சான்றைக் கேட்பார்கள், பின்னால் போய்க் கேட்டு அலைவதைவிட அப்போதே வாங்கிவிடுங்கள். படிவம் 14, ஆன்லைனிலேயே போடலாம், ஒரு படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்துவிட்டது, வேறு யாராவது ஆட்சேபம் தெரிவிப்பதற்கான 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.